தயவுசெய்து: ப்ளீஸுக்குத் தமிழ் இதுவா?

போனில் 'தயவுசெய்து காத்திருக்கவும்', செயலியில் 'தயவுசெய்து கடவுச்சொல்லை உள்ளிடவும்', லிஃப்டில் 'தயவுசெய்து கதவை மூடவும்'. மூலத்தில் 'ப்ளீஸ்' இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை ஒட்டிவிடுகிறார்கள்.

'தயா' என்ற வடசொல்லின் வழி வந்தது தயவு, பொருள் இரக்கம். 'ப்ளீஸ்' என்பதோ 'உங்களுக்கு விருப்பமானால்' என்ற தொடரின் சுருக்கம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் முழுத்தொடராகவே 'சில் வூ ப்ளே' என்கிறார்கள். விருப்பம் வேறு, இரக்கம் வேறு. கடவுச்சொல்லைத் தட்டுவதற்கு யார் யார்மேல் இரங்க வேண்டும்?

பேச்சில் இச்சொல் இரண்டு இடங்களில்தான் வரும். காலில் விழாத குறையாகக் கெஞ்சும்போது. அல்லது பொறுமை போனபின், 'தயவுசெஞ்சு வாயை மூடுறியா!' என்று. பந்தியில் உட்கார்ந்து 'தயவுசெய்து சாம்பார் ஊற்றுங்கள்' என்றால் பரிமாறுகிறவர் கேலி என்றே நினைப்பார்.

மாற்றாகத் தனித்தமிழ் அன்பர்கள் நீட்டுவது 'அருள்கூர்ந்து'. வடசொல் போயிற்று, பிழை போகவில்லை. கூர்தல் என்றால் மிகுதல். 'அருள்கூர்ந்து படிவத்தை நிரப்பவும்' என்றால், அருள் பெருகி நிரப்ப வேண்டுமாம்! தயவாவது சக மனிதரிடம் கேட்பது. அருளைச் சாமியிடம்தான் கேட்போம். 'அன்புகூர்ந்து' சற்றுத் தேவலை, ஆனால் அதுவும் அதே அச்சில் வார்த்ததுதான். ஆங்கிலத்தில் தனிச்சொல் இருந்தால் தமிழிலும் தனிச்சொல் இருந்தாக வேண்டும் என்ற எண்ணமே கோளாறு. தூய சொல்லைத் தேடுகிறவர்கள் வாக்கியம் தமிழா என்று பார்ப்பதில்லை.

தமிழில் பணிவு வினையின் வாலில் இருக்கிறது. 'தா' வெறும் ஏவல். 'தாங்க' மதிப்பு. 'தாங்களேன்' மறுக்கவும் இடம் விடுகிறது. 'தர்றீங்களா', 'தர முடியுமா' என்று போகப்போக ஏவல் கேள்வியாகிவிடுகிறது. முன்னால் ஒரு 'கொஞ்சம்' சேர்த்தால் இன்னும் இளகும். 'கொஞ்சம் கதவைச் சாத்துங்க' என்றால் யாரும் பாதிக் கதவைச் சாத்துவதில்லை. கொஞ்சமாகச் சொல்லப்படுவது அவருக்கு நாம் தரும் சிரமம். பஸ்ஸில் 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்கிறோமே, அந்தக் 'கொஞ்சம்'தான் நம் ப்ளீஸ். யாழ்ப்பாணத்தில் 'தாங்கோ', அங்கே 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவே 'நீர்' இருப்பதால் 'தாரும்' என்று ஒரு படியும் உண்டு.

தொல்காப்பியமும் இதை வினையில்தான் வைத்தது: ஒன்றைத் தரும்படி கேட்கிறவர் தாழ்ந்தவரானால் 'ஈ', ஒத்தவரானால் 'தா', உயர்ந்தவரானால் 'கொடு'. மொழியியலாளர்கள் பெனலப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-இல் பணிவுக் கோட்பாட்டை வகுத்தபோது சான்றுக்கு எடுத்த மூன்று மொழிகளில் ஒன்று கோவைப் பகுதித் தமிழ். அவர்களின் மையக் கருத்து 'முகம்', அதாவது பிறர்முன் ஒருவர் காத்துக்கொள்ள விரும்பும் மதிப்பு. 'முகங்கொடுத்துப் பேசு', 'முகத்தில் அடித்தாற்போல்' என்கிற நமக்கு அதற்குத் தனிக் கலைச்சொல் தேட வேண்டியதில்லை.

ஆகவே செயலியில் 'காத்திருங்கள்', 'கடவுச்சொல்லை உள்ளிடுங்கள்' போதும். '-உங்கள்' வந்ததுமே ப்ளீஸ் வந்தாயிற்று. பலகைக்கு வியங்கோள் இருக்கிறது: 'வரிசையில் வருக'. தடுப்பதற்கு 'இங்கே புகைபிடிக்க வேண்டாம்'. 'அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை, தயவுசெய்து உதவுங்கள்' என்ற செய்தியில் மட்டும் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். அங்கே கேட்பது இரக்கத்தைத்தான்.