மூன்று வரித் திருத்தத்துக்கு எழுநூறு வரிப் பேட்ச் எதற்கு?

சென்ற வாரமும் அப்படி ஒரு பேட்ச், அதாவது நிரலில் எந்த வரிகள் எப்படி மாறுகின்றன என்று காட்டும் கோப்பு, சரிபார்க்க வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், வன்பொருளை இயக்கும் டிரைவர் ஒன்றில், பிழை நேரும் வழியில் நினைவகம் விடுவிக்கப்படாமல் போவதைச் சரிசெய்யும் நல்ல திருத்தம் அது. மாறவேண்டியவை மூன்றே வரிகள். ஆனால் வந்து சேர்ந்த பேட்ச்சில் எழுநூறு வரிகளுக்கு மேல் மாறியிருந்தன. அனுப்பியவரின் எடிட்டர், கோப்பைச் சேமிக்கும்போதே டேப்களையெல்லாம் ஸ்பேஸ்களாக்கி, அடைப்புக்குறிகளையும் தன் விருப்பப்படி நகர்த்தி வைத்துவிட்டது. திருப்பி அனுப்பியதும் வந்த பதில், இத்தனை ஆண்டுகளாக என் காதில் விழுந்துகொண்டே இருப்பதுதான்: "நிரல் சரியாகத்தானே ஓடுகிறது, வடிவத்தில் என்ன இருக்கிறது?"

நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலருக்கு டேப்பும் ஸ்பேஸும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்ச்சை முதலில் படிப்பவர், தன் வேலைகளுக்கு நடுவே உங்களுக்காக நேரம் ஒதுக்கிய ஒரு மனிதர். எழுநூறு வரிகளில் பொருளுள்ள மூன்று எவை என்று அவர் தேடவேண்டும். தேடிக் களைத்த கண்ணுக்கு, அந்த மூன்றில் ஒன்று தவறாக இருந்தாலும் தெரியாது. அதே கோப்பில் வேலை செய்துகொண்டிருக்கும் மற்றவர்களின் பேட்ச்கள் உங்கள் ஸ்பேஸ்களில் மோதி நிற்கும். பின்னாளில் ஒருவர், நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியில் பிளேம் கட்டளையைப் போட்டு, ஒரு வரியை யார், எதற்காக எழுதினார் என்று பார்த்தால், காரணம் தெரிந்தவரின் பெயர் மறைந்து உங்கள் பெயர் நிற்கும். எந்தக் கமிட்டில், அதாவது கிட்டில் பதிவான எந்த மாற்றத்தில், பழுது புகுந்தது என்று கிட் பைசெக்ட் மூலம் தேடி வருபவர் உங்கள் கமிட்டில் வந்து நின்றால், எழுநூறு வரிகளுக்குள் அவருடைய தேடல் புதிதாகத் தொடங்கும்.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது வேறொன்று. வெளியான பின்னும் திருத்தங்கள் பெற்றுவரும் ஸ்டேபிள் கெர்னல்களில் சேரும் பேட்ச், மாற்றத்தைச் சுற்றி இடம்பெறும் மாறாத வரிகளையும் சேர்த்து, 100 வரிகளைத் தாண்டக்கூடாது என்பது எழுதிவைக்கப்பட்ட விதி. மூன்று வரித் திருத்தமாக வந்திருந்தால் பழைய கெர்னலோடு ஓடும் சாதனங்களுக்கும் அது எளிதாகப் போய்ச் சேர்ந்திருக்கும். வடிவத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இதைத் தயவுசெய்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

பழைய நிரலின் வடிவம் உண்மையிலேயே மோசமாக இருந்தால், அதற்குத் தனிப் பேட்ச் அனுப்புங்கள். ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றம். தொடராக அனுப்பினால், ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பிறகும் கெர்னல் கம்பைல் ஆகவேண்டும். சேமிக்கும்போது தானாக வடிவமைக்கும் வசதியை இந்த வேலைக்கு அணைத்து வையுங்கள். கமிட் செய்யுமுன், மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் போட்டு, நீங்கள் தொடாத வரி ஏதேனும் தெரிகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

பேட்ச்சின் வடிவக் குறைகளைச் சுட்டும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டாமல் எதையும் அனுப்பாதீர்கள். அதே சமயம், அது சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் வேண்டாம். வரி நீளத்துக்கு அது எச்சரிக்கும் எல்லை 2020இல் 80 எழுத்திலிருந்து 100 ஆக உயர்த்தப்பட்டது. ஆனாலும் 80க்குள் எழுதுவதே இன்றும் விரும்பப்படுகிறது. எச்சரிக்கையை நீக்குவதற்காக, படிக்க எளிதாக இருக்கும் ஒரு வரியை உடைத்துக் கெடுப்பது வீண்வேலை.

பேட்ச்சின் தலைப்பு வரியில் "பிழை திருத்தம்" என்று மட்டும் எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? எந்தப் பகுதி, என்ன மாற்றம் என்பதை 75 எழுத்துகளுக்குள் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள் என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் செய்தீர்கள், பயனருக்கு என்ன பாதிப்பு என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். பழுதைக் கொண்டுவந்த கமிட் தெரிந்தால், அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளோடு ஃபிக்ஸஸ் வரியைச் சேருங்கள்.

விளக்கத்தின் முடிவில் உங்கள் பெயரோடு வரும் சைன்ட்-ஆஃப்-பை வரியைச் சடங்காக நினைப்பவர்கள் பலர். 2003இல் எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனம் லினக்ஸ் நிரலின் உரிமை குறித்து வழக்காடத் தொடங்கியதை அடுத்து, 2004இல் கொண்டுவரப்பட்ட உறுதிமொழி அது. இந்த நிரலை இந்த உரிமத்தில் தர எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் கையொப்பமிடுகிறீர்கள். அநாமதேயமாக அதைச் செய்ய முடியாது. பிறர் பெயரில், அவர்கள் சொல்லாமல், நிரலைப் படித்து ஏற்றதாகச் சொல்லும் ரிவ்யூட்-பை வரியைச் சேர்ப்பது அதைவிடப் பெரிய தவறு.

கெர்னலுக்கான பேட்ச்கள் மின்னஞ்சலில் போகின்றன. ஜிமெயிலின் வலைப்பக்கத்தில் பேட்ச்சை ஒட்டி அனுப்பாதீர்கள். அது டேப்களை ஸ்பேஸ்களாக மாற்றி, நீண்ட வரிகளையும் உடைத்துவிடும். கிட் சென்ட்-ஈமெயில் அதற்கென்றே இருக்கிறது. முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததைக் கிட் ஏஎம் மூலம் புதிய கிளையொன்றில் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால், அந்தப் பகுதியின் பொறுப்பாளர்களைச் சொல்லும் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் காட்டும் முகவரிகளுக்கு அனுப்பிவிட்டு, குறைந்தது ஒரு வாரம் பொறுத்திருங்கள். கருத்துகள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். அன்று மாலையே இரண்டாம் பதிப்பை அனுப்ப அவசரப்படாதீர்கள். அனுப்பும்போது, முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை விளக்கம் முடிந்ததும் வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதுங்கள். அங்கே எழுதுவது படிப்பவருக்கு உதவும், கமிட் வரலாற்றில் சேராது.