சொல் விளக்கம்: சம்மனிங்

ஆளுக்கொரு கதைமாந்தராக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், ட்ரூயிட் என்னும் இயற்கை மந்திரவாதி ஒருவர் விலங்குகளைக் கூப்பிடும் 'கான்ஜூர் அனிமல்ஸ்' மந்திரத்தைப் போட்டு, "எட்டு ஓநாய் வருது" என்று சொன்னதும் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். வருவது ஓநாய்தான் என்று யார் முடிவு செய்தது? மந்திரம் போட்டவரா, ஆட்டத்தை நடத்தும் டிஎம்மா?

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு நான்கு தேர்வுகள் தருகிறது. சேலஞ்ச் ரேட்டிங் (விலங்கின் வலிமையைக் காட்டும் எண்) 2 வரையுள்ள ஒரு விலங்கு, 1 வரையுள்ள இரண்டு, 1/2 வரையுள்ள நான்கு, 1/4 வரையுள்ள எட்டு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது விதி. அந்த எட்டும் என்ன விலங்கு என்பதை யார் சொல்வது என்று எழுதவில்லை. விலங்குகளின் விவரக்குறிப்பு டிஎம்மிடம் இருக்கும் என்ற ஒரு வரியோடு விட்டுவிட்டது. இத்தனை சண்டைக்கும் அந்த வரிதான் காரணம். இப்படி மந்திரத்தால் கூப்பிடுவதற்குப் பொதுப்பெயர் சம்மனிங். அதிலுள்ள சம்மன் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், விதி எதைச் சொல்லாமல் விட்டது என்பது புலப்படும்.

நமக்குச் சம்மன் என்றால் முதலில் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். மூலம் லத்தீன்: 'சப்' என்றால் அடியில், 'மோனேரே' என்றால் நினைவூட்டு, எச்சரி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 'வந்து நில்' என்று அதிகாரத்தோடு கூப்பிடுவதைக் குறித்தது. நீதிமன்றத் தமிழில் அது அழைப்பாணை. கான்ஜூர் வேறு வேரிலிருந்து வந்த சொல். லத்தீனில் அதற்குச் சேர்ந்து சத்தியம் செய்தல் என்று பொருள். சத்தியத்தால் கட்டுண்ட ஆவியைக் கூப்பிடுவது என்ற பொருள் பிறகு ஏறியது. தமிழில் 'ஆணை' என்ற ஒரே சொல் கட்டளையையும் குறிக்கும், 'உன்மேல் ஆணை' என்னும்போது சத்தியத்தையும் குறிக்கும். அந்த இரண்டு லத்தீன் வேர்களும் நம் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆனால் ஆட்டத்துக்கு அழைப்பாணை பொருந்தாது. ஆணை கிடைத்தவர் வராமலும் இருக்கலாம்; மந்திரம் போட்டால் விலங்கு வந்தே தீரும். ஆவாகனம் என்று சிலர் எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தெய்வத்தை ஓர் உருவில் எழுந்தருளச் செய்வதற்கான சொல் அது. அதில் வேண்டுதல் உண்டு, அதட்டல் இல்லை. விளித்தல் என்பது பெயர் சொல்லிக் கூப்பிடுவதோடு நின்றுவிடும். சங்கத் தமிழில் அகவல் என்ற அழகான சொல் இருக்கிறது. குறுந்தொகை 23-ஆம் பாட்டில் ஔவையார் 'அகவன் மகளே அகவன் மகளே' என்று தொடங்குவது, தெய்வங்களைக் கூவி அழைத்துக் குறி சொல்லும் பெண்ணைப் பார்த்துத்தான். கதைக்குள் ஒரு மந்திரவாதிக்குப் பட்டப்பெயராக வைக்கலாம். விதிப் புத்தகத்துக்கு அது வேண்டாம்.

என் தேர்வு வரவழைத்தல். பேச்சிலும் புழங்குகிற சொல். வரச் செய்வது என்ற காரியம் அதில் தெளிவாக இருக்கிறது. இன்னொரு வசதி, வரச் செய்வதைத் தாண்டி அது வேறெதையும் சொல்வதில்லை. எது வரும் என்பது தேர்வு. வந்தது யார் சொல் கேட்கும் என்பது ஏவல். சம்மனிங் என்று பொதுவாகச் சொன்னால் இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. கூப்பிட்டவருக்கே மூன்றும் சொந்தம் என்று தோன்றுவது அதனால்தான்.

சரி, விதியை இப்படிப் பிரித்துப் படிப்போம். வரவழைப்பது ட்ரூயிட். தேர்வில் எண்ணிக்கை அவர் கையில், எந்த விலங்கு என்பது டிஎம் கையில். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் பிற்பாடு தந்த அதிகாரப்பூர்வ விளக்கமும் இதையே சொல்கிறது. ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்களில் விதி அதை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஒரு துணை விலங்கைப் பெறும் 'ஃபைண்ட் ஃபெமிலியர்' மந்திரத்தில் விலங்குகளின் பட்டியலே உண்டு. டிஎம்முக்கு இந்த உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வனத்து மாய உயிர்களைக் கூப்பிடும் 'கான்ஜூர் உட்லேண்ட் பீயிங்ஸ்' மந்திரம் சாட்சி. பிக்ஸி என்னும் குட்டித் தேவதைகள் எட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் உருமாற்றும் மந்திரமான 'பாலிமார்ஃப்' போட வைத்து, கூட வந்தவர்களை எல்லாம் டைனோசராக்கிவிடலாம். ஆனாலும் உரிமை இருக்கிறது என்பதற்காகப் பாலைவனத்தில் எட்டு மீன்களை இறக்குகிற டிஎம் நல்ல டிஎம் இல்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு பட்டியலைச் சேர்ந்து எழுதி வைத்துக்கொள்வதுதான் இரு தரப்புக்கும் நியாயம்.

ஏவலில் இவ்வளவு குழப்பம் இல்லை. விலங்குகள் வாய்மொழிக் கட்டளைக்குக் கீழ்ப்படியும். கட்டளையிட, ஒரு முறையில் செய்யக்கூடிய செயலான ஆக்‌ஷன் செலவாகாது. ஒன்றும் சொல்லாவிட்டால் எதிரியிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 'வாய்மொழி' என்று விதியில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒலியையே அடக்கும் 'சைலன்ஸ்' மந்திரத்துக்குள் சிக்கிய ட்ரூயிட்டால் ஓநாயை ஏவ முடியாது என்றே நான் படிக்கிறேன்.

மூன்றாம் பதிப்பு இந்த விஷயத்தில் இன்னும் நுணுக்கமானது. கான்ஜுரேஷன் என்ற பெரும் பிரிவுக்குள் சம்மனிங், காலிங் என்று இரண்டைத் தனித்தனியே வைத்திருந்தது. சம்மனிங்கில் வந்தது அடிபட்டு விழுந்தால் மறைந்துவிடும், ஆனால் நிஜமாகச் சாகாது. பிறகு தன் உலகில் மீண்டும் உருவெடுக்கும். காலிங்கில் வருவது அசல் உடலோடு வரும், செத்தால் செத்ததுதான். ஆங்கிலத்தில் இரண்டும் கூப்பிடுவதைத்தான் குறிக்கின்றன. இத்தனை பெரிய வித்தியாசம் சொல்லில் தெரிவதே இல்லை. தமிழில் முன்னதை வரவழைப்பு என்றும் பின்னதைக் கொணர்வு என்றும் சொன்னால் போதும். கொணர்தல் என்றாலே ஒன்றை அதன் இடத்திலிருந்து எடுத்துவருவது. இவற்றோடு படைத்தல், இடம் பெயர்த்தல் போன்றவையும் சேர்ந்திருந்த அந்தப் பெரும் பிரிவுக்குத் தருவிப்பு என்ற பெயர் பொருந்தும்.

அப்புறம் விதியே மாறிவிட்டது. 2020-இல் வந்த 'சம்மன் பீஸ்ட்' போன்ற மந்திரங்களில் ஒரே ஒரு ஆவிதான் வரும். அதன் விவரக்குறிப்பு மந்திரத்தோடே அச்சாகியிருக்கும். நிலம், நீர், ஆகாயம் எதற்கான வடிவம் என்பதை ஆடுபவரே சொல்லிவிடுவார். 2024 பதிப்பின் 'கான்ஜூர் அனிமல்ஸ்' மந்திரத்திலோ தனித்தனி விலங்குகளே இல்லை. தொட முடியாத ஆவியுருவில் ஒரு விலங்குக் கூட்டம் தோன்றி, அருகில் வருபவரைத் தாக்கும். பெயர் பழையதுதான், ஆனால் எதுவும் எங்கிருந்தும் வருவதில்லை என்பதால் இதற்கு வரவழைப்பு என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. புதிய பதிப்பைத் தமிழில் விளக்குபவர்கள் இந்த மந்திரத்துக்கு மட்டும் தோற்றுவிப்பு என்று எழுதலாம்.