விண்டோஸ் திறக்கவில்லையா? ஃபார்மட்டில் கை வைக்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு லேப்டாப், புது விண்டோஸ் ஏற்றிய பிறகுதான் வந்து சேர்ந்தது. "உள்ளே போட்டோ எல்லாம் இருந்தது, எடுத்துக் கொடுங்கள்" என்கிறார்கள். முதலில் எடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

நீலத்திரை வந்தாலும், தானாக ரிப்பேர் ஆகிறேன் என்று சுற்றிச் சுற்றி வந்தாலும், பெரும்பாலும் கெட்டிருப்பது விண்டோஸின் சொந்த ஃபைல்கள். உங்களுடையவை யூசர்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். "ஃபார்மட் பண்ணினாலும் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் புது விண்டோஸ் தன் பல ஜிபியைப் பழையதன் மேலேயே எழுதுகிறது. எஸ்எஸ்டி என்றால் நிலைமை இன்னும் மோசம்: ஃபார்மட் ஆனதுமே 'இந்த இடமெல்லாம் காலி' என்று டிரிம் கட்டளை போய்விடும், டிரைவ் தானே துடைத்துவிடும். அதற்குப் பிறகு எந்த சாஃப்ட்வேரும் உதவாது.

செய்ய வேண்டியது இது. வேறொரு கணினியில் உபுண்டுவை (விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இலவச லினக்ஸ்) இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு சாஃப்ட்வேர் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள். 16 ஜிபி பென்டிரைவ் தாராளம். அதில் இருப்பது அழிந்துவிடும், காலியானதை எடுங்கள். பழுதான கணினியில் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 தட்டுங்கள் (சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்). வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள், பிறகு 'ட்ரை உபுண்டு' மட்டும். இன்ஸ்டாலை அழுத்தினால் கதை முடிந்தது.

ஃபைல்ஸ் திறந்தால் உங்கள் டிரைவ் அதன் கொள்ளளவோடு தெரியும். யூசர்ஸுக்குள் உங்கள் பெயரில் இருப்பதை முழுதாக வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். டெஸ்க்டாப் காலியாக இருந்தால் பதறாதீர்கள், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பாருங்கள். விண்டோஸில் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரும் இங்கே தெரியும். பிரவுசர் புக்மார்க்குகள் அங்கேதான். வெளி டிஸ்கின் ஃபார்மட் வகை ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட் வேண்டும். டிரைவ் 'ரீட் ஒன்லி' என்று திறந்தால் அது பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் (விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறங்கும் வசதி) வேலை. நகலெடுக்க அதுவே போதும், வலுக்கட்டாயமாக மாற்ற வேண்டாம்.

பென்டிரைவுக்கு வழியில்லையா? விண்டோஸ் ரிக்கவரி திரையில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து நோட்பேட் என ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஃபைல், ஓபன், 'ஆல் ஃபைல்ஸ்'. அந்தச் சிறு சன்னலிலேயே வலது கிளிக்கில் காப்பி, பேஸ்ட் வேலை செய்யும். சி டிரைவ் அங்கே வேறு எழுத்தில் தெரியலாம். எவ்வளவு முடிந்தது என்று காட்டாது, உறைந்தது போல நிற்கும், பொறுத்திருங்கள்.

பிட்லாக்கர் (டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) பூட்டியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள். அலுவலகக் கணினி என்றால் ஐடி பிரிவைக் கேளுங்கள். கீ இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது. கணினி நன்றாக ஓடும்போதே அதை எழுதி வையுங்கள்.

டிஸ்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் உடனே பவரை நிறுத்துங்கள். அங்கே செக்டிஸ்க் (டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கட்டளை) ஓட்டவே கூடாது. சாகிற டிஸ்கில் அது எழுதவும் செய்யும். அது தரவு மீட்பு ஆய்வகத்தின் வேலை.

நகலெடுத்ததில் நாலைந்து போட்டோக்களையும் பெரிய ஃபைல் ஒன்றையும் வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால், புது விண்டோஸ் போடலாம்.