எதிரியின் முதல் குண்டை வீணடிக்கும் வேலை

வரலாற்றுப் போர் விளையாட்டுகளுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் ஒதுக்கிவிடுவது, முக்கியப் படைக்கு முன்னால் சிதறிப் போய்ச் சண்டையிடும் ஸ்கிர்மிஷர் என்ற இலகு படையைத்தான். தாக்குதல் புள்ளி குறைவு, உடல் வலு குறைவு, விலை மட்டும் மலிவு. அணிவகுத்த காலாட்படையோடு நேராக மோதவிட்டால் ஒரே நிமிடத்தில் காலி. இதை வைத்து என்ன செய்வது என்று கேட்பது நியாயம்தான். எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று எண்ணினால் விடை கிடைக்காது. எதிரியை என்ன நிலையில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்று பார்க்க வேண்டும்.

நெப்போலியன் காலத்து மஸ்கெட் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். குழாயின் உட்புறம் வழவழப்பானது, குண்டு நேராகப் போகாது. 100 மீட்டருக்கு அப்பால் தனி ஆளை அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அதனால்தான் இரண்டு மூன்று வரிசையாகத் தோளோடு தோள் உரசி நின்று, எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். அதிலும் முதல் சுற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். பதற்றமில்லாமல் நிதானமாக மருந்து அடைத்தது, குழாய் சுத்தமாக இருக்கும், கண்ணை மறைக்கும் புகையும் இன்னும் கிளம்பியிருக்காது. அதற்குப் பிறகு நல்ல பயிற்சி உள்ள சிப்பாயால்கூட நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவதே பெரிய விஷயம்.

இப்போது ஸ்கிர்மிஷர்கள் இரண்டிரண்டு பேராகச் சிதறி வருகிறார்கள். ஒருவர் சுடும்போது மற்றவர் மருந்து அடைக்கிறார். வரப்பு, மரம், குட்டிச்சுவர் எது கிடைத்தாலும் அதன் பின்னால் பதுங்கிக்கொள்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் இவர்களைப் பார்த்துச் சுட்டால், பெரும்பாலான குண்டுகள் ஆள் இல்லாத இடைவெளியில் போகும். நல்ல முதல் சுற்று தீர்ந்தது, புகையும் சூழ்ந்தது. சுடாமல் பொறுத்திருந்தாலோ, பக்கத்தில் நிற்பவன் ஒவ்வொருவனாகச் சரிவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், அதிகாரிகள்தான் முதல் குறி. இரண்டில் எதைச் செய்தாலும், பின்னால் வரும் முக்கியப் படைக்குக் கலைந்துபோன எதிரிதான் கிடைப்பான்.

இந்தத் தந்திரம் துப்பாக்கியோடு பிறந்ததும் இல்லை. கி.மு. 391இல் கொரிந்து நகருக்குப் பக்கத்தில் லெக்கேயம் என்ற இடத்தில், ஏதென்ஸ் தளபதி இஃபிக்ராட்டீஸின் ஈட்டி எறியும் இலகு படை சுமார் 600 ஸ்பார்டன் கனரக வீரர்களைச் சின்னாபின்னமாக்கியது. ஸ்பார்டன்கள் துரத்தினால் ஓடுவார்கள், களைத்துத் திரும்பினால் பின்னாலேயே வந்து எறிவார்கள். சுமார் 250 பேர் இறந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் எழுதுகிறார். கேமர்கள் 'கைட்டிங்' என்று சொல்வது இதேதான். டோட்டல் வார் கணினி விளையாட்டு வரிசையில் 'ஸ்கிர்மிஷ் மோட்' பொத்தானை அழுத்தினால், எதிரி நெருங்கும்போது படை தானாகவே பின்வாங்கும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டில் ஸ்கிர்மிஷர் என்றால் வில்லாளிகளை மடக்கும் ஆள், அவ்வளவுதான். மன உறுதி, களைப்பு என்று கணக்கு வைக்காத விளையாட்டில் இதற்கு மேல் அவர்களுக்கு வேலை கொடுக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஒரு பலவீனம் உண்டு. குதிரைப்படை. சிதறி நிற்பவர்களுக்குக் குதிரைகளைத் தடுக்கும் சதுர வியூகம் அமைக்க நேரம் இருக்காது. தங்கள் வரிசைக்குப் பின்னால் ஓடிப்போகும் தூரத்துக்குள்தான் நிற்க வேண்டும்.

சரி, முகாமுக்கு முன்னால் நிறுத்தும் பிக்கெட் என்ற சிறு முன்காவலால் என்ன பயன்? அது நேரத்தை வாங்கித் தருகிறது. எதிரி மணிக்கு 4 கி.மீ. நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முகாமிலிருந்து 2 கி.மீ. தள்ளி ஒரு பிக்கெட் நின்றால் அரை மணி நேரம் முன்னதாகத் தெரியும். அவர்கள் சுட்டுக்கொண்டே மெதுவாகப் பின்வாங்கினால் இன்னும் கூடும். தூங்குகிற படை எழுந்து அணிவகுக்க அந்த நேரம் வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்ரல் 6 அதிகாலை, ஷைலோவில் வடக்குப் படையின் சிறு ரோந்து ஒன்று தெற்குப் படையின் பிக்கெட்டுகளோடு மோதியது. அந்தப் பிக்கெட்டுகளுக்குப் பின்னால் தெற்குப் படையின் 40,000க்கும் மேற்பட்டவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சிறு சண்டைதான் வடக்குப் படையின் முகாமுக்குக் கிடைத்த எச்சரிக்கை.

எச்சரிக்கையே வராவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க சென்னைக்காரர்கள் அமெரிக்கா வரை போக வேண்டாம். 1780இல் மைசூரின் ஹைதர் அலியோடு நடந்த போரில், ஹெக்டர் மன்றோவின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பரங்கிமலையிலிருந்து காஞ்சிபுரம் போய் நின்றது. அதோடு சேர குண்டூர்ப் பக்கமிருந்து வந்த இன்னொரு கம்பெனித் தளபதி பெய்லியை, வெள்ளம் புரண்ட கொசஸ்தலை ஆறு பல நாட்கள் நிறுத்திவைத்தது. இரண்டு படைக்கும் நடுவே ஹைதர் அலியின் இலகு குதிரைப்படை சுற்றிக்கொண்டிருந்தது. தன் கண்ணையும் காதையும் முன்னால் அனுப்பி, எதிரியின் கண்ணையும் காதையும் அடைக்கும் வேலை அது. மன்றோ பெய்லிக்கு உதவியாக அனுப்பிய பிளெட்சர் என்ற அதிகாரி, வழிகாட்டிகள் மேலேயே சந்தேகப்பட்டுப் பாதையை மாற்றித்தான் போய்ச் சேர முடிந்தது. செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தபோது, மன்றோ ஒரு நாள் நடைக்குள்தான் இருந்தார். பிறகு கனரக பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

மேசையில் வரைபடம் விரித்து ஆடும்போது எதிரி எங்கே என்று தெரியாத இந்த நிலையைக் கொண்டுவருவதுதான் சிரமம், இரண்டு பேருக்கும் எல்லாக் காய்களும் தெரிகின்றன. பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் விளையாட்டு அதற்கு நடுவர் ஒருவரை வைத்தது. எதிரியின் கண்ணில் படக்கூடிய காய்களை மட்டும் அவர் வரைபடத்தில் வைப்பார். கணினியில், நம் படையின் பார்வைக்கு எட்டாததை மறைக்கும் 'ஃபாக் ஆஃப் வார்' அந்த வேலையைச் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியிலோ அண்ணாநகரிலோ மேசை போட்டு ஆடுகிறவர்கள் நடுவரை அடுத்த அறையில் உட்கார வைத்து, பிக்கெட் பார்த்ததை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். செய்தியைப் பத்து நிமிடம் தாமதமாக அனுப்பினால் இன்னும் நல்லது, குதிரைக்காரன் வந்து சேர வேண்டாமா?