மலையில் புகை தங்கும் மாதங்கள்

சிறுமலையிலிருந்தும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கொடைக்கானல் கீழ்மலை ஊர்களிலிருந்தும் மதுரைக்குச் சிகிச்சைக்கு வரும் பெண்களில் பலர் உட்கார்ந்ததுமே சொல்வது, "பனி ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டரம்மா" என்பதுதான். மார்கழியில் தொடங்கிய இருமல் மாசிக்குள் மூச்சிரைப்பாகியிருக்கும். பீடி, சிகரெட்டைத் தொட்டே இராதவர்கள். மலைக்காற்று சுத்தமானது என்று ஊரே சொல்வதால், காற்றின் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நெஞ்சக நோய் மருத்துவராக நான் பார்த்தவரையில், இவர்களைப் பனியைவிட அதிகம் கெடுப்பது பனிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும் புகை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு மேகமில்லாத இரவுகள் வருகின்றன. தரை சீக்கிரம் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கி, வீடுகளும் வாழைத் தோட்டங்களும் இருக்கும் பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே கொஞ்சம் வெப்பமான காற்று மூடிபோட்டதுபோல் நிற்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சாயங்காலம் கூரையிலிருந்து கிளம்பும் புகை மேலே ஏறாமல், ஓட்டு மட்டத்திலேயே படுத்துத் தோட்டத்தின் பக்கம் பரவுகிறதா என்று பாருங்கள். அப்படியானால், அன்றிரவு ஊர் முழுக்க விடும் புகை காலையில் வெயில் ஏறும் வரை அங்கேயே கிடக்கும். ஆனி, ஆடிக் காற்றில் இதே அடுப்புப் புகை நொடியில் கலைந்துவிடும்.

புகையில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கிவிடும். ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 15. விறகு எரியும் மூடிய சமையலறையில் இது பல நூறைத் தாண்டுவது சாதாரணம்.

அந்தச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். குளிருக்குப் பயந்து சாத்திய கதவு, உள்ளங்கையகல ஜன்னல். அடுப்புக்கு மேலே பரண். அதில் காய்வதற்காக அடுக்கிய ஈர விறகு. விறகு பற்றாமல் புகையும்போது அந்த அம்மா குனிந்து ஊதுகுழலில் ஊதுகிறார். ஊதி முடித்ததும் இழுக்கும் நீண்ட மூச்சு, அடுப்பு வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் நடக்கிறது. இடுப்பிலோ மடியிலோ ஒரு குழந்தை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா வருவதற்கும், கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பதற்கும் இந்தப் புகை ஒரு காரணம்.

வீட்டில் கேஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, காபிக்கும் அவசரத்துக்கும். சோறும் வெந்நீரும் விறகில்தான். சிலிண்டர் விலையும், அதைச் சாலையிலிருந்து மேட்டு வீட்டுக்குச் சுமந்து செல்லும் பாடும் தெரிந்தவர்கள் இதற்காக அவர்களைத் திட்ட மாட்டார்கள். வெந்நீர் அடுப்பையாவது வெளியே வையுங்கள். புகைபோக்கியைக் கூரைக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். மழைக்கு முன்பே விறகை வெட்டி, நனையாமல் அடுக்குங்கள். வீட்டு ஆண்கள் ஒரு நாள் மனது வைத்தால் முடிகிற வேலைகள் இவை. அப்படி மனது வைக்காததில்தான் எனக்கு வருத்தமே. மூடிய அறையில் கரிக் கணப்பு வைத்துத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

அடுத்தது தோட்டத்துக் குப்பை. காய்ந்த வாழைச் சருகையும் வெட்டிய உண்ணிச்செடியையும் குவித்து, வேலை முடிந்து பொழுது சாயும்போது கொளுத்துகிறார்கள். புகை தேங்குவதற்கு அதைவிட மோசமான நேரம் இல்லை. மதியம் கொளுத்தலாமா என்றால், மாசி, பங்குனி வெயிலில் ஒரு பொறி போதும், காடு பற்றிக்கொள்ளும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ பலிகொண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கொளுத்தாமல் சருகை வாழையடியில் மூடாக்காகப் போட்டால் கோடையில் ஈரமும் நிற்கும். வாயில் கட்டும் ஈரத் துண்டு இந்த நுண்துகள்களைப் போதிய அளவு தடுக்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்து, காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இலவசம். காசநோய் இல்லை என்றாகியும் மூச்சு வாங்கினால், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை தேவை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளியேறுவது 70 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், அது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அது போதை மருந்து அல்ல. மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்து, நேராக நுரையீரலுக்குப் போகிறது.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும், முதல் பஸ்ஸுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து, இரவானாலும் அப்போதே மலையை விட்டு இறக்கிவிடுங்கள்.