இலவசமாக வரும் கேமராவும் தவணையில் வாங்கும் கேமராவும்

திருமணப் படத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் என்னிடம் வருகிறார்கள். "அண்ணா, இந்தக் கேமராவை வாங்கலாமா?" கேட்கும்போதே கைப்பேசியில் ஒரு காணொளியையும் காட்டுவார்கள். பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர் ஒருவர் லடாக்கிலோ ஐஸ்லாந்திலோ நின்றுகொண்டு, வெளியாகி ஒரு வாரம்கூட ஆகாத கேமராவைப் பாராட்டிக்கொண்டிருப்பார். அவர் அந்த நிறுவனத்தின் தூதர், அதாவது அதன் கேமராக்களை மக்களிடம் கொண்டுபோகும் 'பிராண்ட் அம்பாசிடர்'. பயணச் செலவு நிறுவனத்தினுடையது, கேமராவும் நிறுவனம் கொடுத்தது. என்னிடம் கேட்கும் தம்பியோ இரண்டு வருடத் தவணையில் அதை வாங்கப்போகிறவர்.

நிறுவனத் தூதர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கேனானின் 'எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆஃப் லைட்', இந்தியாவில் அதன் 'இஓஎஸ் மேஸ்ட்ரோ', ஃபியூஜிஃபிலிமின் 'எக்ஸ் ஃபோட்டோகிராஃபர்ஸ்', நிக்கான் தூதர்கள், சோனியின் 'ஆர்ட்டிசன்ஸ் ஆஃப் இமேஜரி' என்று எல்லா பெரிய நிறுவனங்களும் இப்படி ஒரு குழுவை வைத்திருக்கின்றன. அவற்றில் இருப்பவர்கள் பலரும் மிகத் திறமையானவர்கள். ஒரு கேமராவின் எல்லை எதுவரை போகும் என்பதை அவர்களைப் போல் காட்டக்கூடியவர்கள் குறைவு. கேமராவுக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் வந்த பல நல்ல மாற்றங்களுக்கு அவர்கள் நிறுவனத்திடம் நேரடியாகச் சொன்ன குறைகளும் ஒரு காரணம். ஆனால் அந்தக் குறைகள் நிறுவனத்தின் அறைக்குள் சொல்லப்படுகின்றன, வாங்குகிறவரின் காதுக்கு வருவதில்லை. என் ஆதங்கம் அங்கேதான் இருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பெற்றதை மறக்காமல் இருப்பது நல்ல குணம். அதே குணம்தான் விமர்சனம் எழுதும் கையைத் தடுக்கிறது. இதற்குப் பெரிய பரிசுகூடத் தேவையில்லை. அமெரிக்க மருத்துவர்களைப் பற்றி 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்து நிறுவனத்திடம் ஒரே ஒரு வேளை உணவு பெற்றவர்கள்கூட அந்த நிறுவனத்தின் மருந்தைக் கூடுதலாக எழுதித் தந்ததைக் கண்டது. அந்த உணவின் சராசரி விலை 20 டாலருக்கும் குறைவு. உணவுதான் காரணம் என்று அந்த ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்தத் தொடர்பு யோசிக்க வைக்கிறது. லட்சக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கருவிகளும் வெளிநாட்டுப் பயணமும் மேடையும் கிடைக்கும் ஒருவருக்கு எதுவுமே பாதிக்காது என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. அடுத்த ஆண்டும் அழைப்பு வரவேண்டும் என்ற எண்ணம் யாரும் சொல்லித் தராமலே வாயைக் கட்டிவிடும்.

அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. தூதர் முழு நேர்மையோடு பேசினாலும், அவரால் அறிய முடியாத விஷயங்கள் இருக்கின்றன. வெளியீட்டுக்கு முன் அவர் கையில் இருப்பது பெரும்பாலும் முன்தயாரிப்புக் கேமரா, அதாவது விற்பனைக்கு வரும் முன் செய்த மாதிரி. ஃபர்ம்வேர் இறுதியாகியிருக்காது. அதன் ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிவு செய்யும் மூலக் கோப்புகளை, திறக்க நாம் பயன்படுத்தும் மென்பொருள் இன்னும் தயாராகியிருக்காது. கேமரா பழுதானால் நிறுவனமே வேறு ஒன்றை அனுப்பிவிடும். சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பது, உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆகும் என்று கேட்டுவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு வாடகைக் கேமரா தேடுவது, இவையெல்லாம் அவர் அனுபவத்தில் வராதவை. பழைய லென்ஸ்களை நஷ்டத்துக்கு விற்றுவிட்டுப் புதிய மவுண்டுக்கு (லென்ஸ் பொருந்தும் அமைப்பு) மாறும் செலவையும் அவர் கணக்குப் போடவேண்டியதில்லை.

கேமரா உலகின் பெரிய குறைகள் எப்படி வெளியே வந்தன என்று திரும்பிப் பார்த்தால் இது புரியும். 2007இல் வந்த கேனான் இஓஎஸ்-1டி மார்க் 3, விளையாட்டுப் படக்காரர்களுக்கான உச்சக் கேமரா. நல்ல வெயிலில், சூடான நாளில், ஓடும் ஆளைத் தொடர்ந்து எடுக்கும்போது அதன் ஆட்டோஃபோகஸ் தடுமாறியது. அதை விடாமல் பதிவு செய்து காட்டியவர் கனடாவைச் சேர்ந்த செய்திப் புகைப்படக்காரர் ராப் கால்பிரெய்த். பிறகு கேனான், ஆட்டோஃபோகஸுக்கு ஒளியை அனுப்பும் உள் துணைக் கண்ணாடியைச் சரிசெய்து தரவேண்டியிருந்தது.

நிக்கான் டி600 கதை இன்னும் நீளமானது. 2012 செப்டம்பரில் வந்தது. முழு ஃபிரேம் கேமரா, அதாவது படத்தைப் பதிவு செய்யும் சென்சார் பெரியதாக உள்ள கேமரா, ஒப்பீட்டளவில் குறைந்த விலையில் கிடைக்கிறது என்று எங்கும் பாராட்டு. அடுத்த மாதமே லென்ஸ்ரென்டல்ஸ் என்ற அமெரிக்க வாடகை நிறுவனம், தங்களிடம் உள்ள டி600களின் சென்சாரில் வழக்கத்துக்கு மீறிய புள்ளிகள் விழுவதாக எழுதியது. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கேமரா அல்ல, பல. ஒவ்வொன்றும் வாடிக்கையாளரிடம் போய்த் திரும்பும்போது திறந்து துடைக்கிறவர்கள் அவர்கள். அதனால்தான் கண்ணில் பட்டது. படங்கள் எடுக்க எடுக்கத் தெளிவாகத் தெரியும் குறை இது. அதுவும் எஃப் 11, எஃப் 16 என்று துளையைச் சுருக்கி வெறும் வானத்தை எடுத்தால்தான் தெரியும். இரண்டு நாள் கையில் வைத்து, எஃப் 2.8 என்று துளையை அகலத் திறந்து அழகான முகங்களை எடுத்துப் பாராட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? 2013 பிப்ரவரியில் நிக்கான் இது பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் புதிய ஷட்டரோடு (ஒளிக்கு வழியைத் திறந்து மூடும் பகுதி) டி610 வந்தது. உத்தரவாதம் முடிந்திருந்தாலும் டி600இன் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்ற அறிவிப்புக்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியான வாரத்தில் கடன் வாங்கி வாங்கியவர்கள் அத்தனை காலமும் சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

2020 ஜூலையில் வந்த கேனான் ஆர்5 பற்றியும் சொல்லவேண்டும். 8கே வீடியோ என்ற ஆரவாரத்தோடு வந்தது. சூடு காரணமாகப் பதிவு நின்றுவிடும் என்பதைக் கேனானே அட்டவணையாக வெளியிட்டது: 8கே என்றால் சுமார் 20 நிமிடம், அதுவும் 23 டிகிரி வெப்பநிலையில். மே மாத மதுரையில் மண்டப வாசலில் மாப்பிள்ளை அழைப்பை எடுக்கிறவருக்கு 23 டிகிரி எங்கே கிடைக்கும்? அந்த ஒரு வரிதான் நம் ஊர்ப் படக்காரருக்கு மிகத் தேவையான வரி. வெளியீட்டுக் கொண்டாட்டத்தில் அது அடியில் போய்விட்டது. பிறகு ஃபர்ம்வேர் மாற்றங்கள் வந்தன, 2022 ஜனவரியில் விசிறி வைத்த ஆர்5 சி வந்தது. நிழற்படத்துக்கு ஆர்5 அருமையான கேமரா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை வீடியோவுக்கென்று நம்பி வாங்கியவருக்கு அந்த அருமையால் என்ன பயன்?

நம் வேலையின் சோதனைகள் வேறு. இன்றைய வரவேற்பு மேடைகளில் பின்னால் எல்.இ.டி. சுவர், மேலே எல்.இ.டி. விளக்குகள். அவற்றில் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. சத்தமில்லாத மின்னணு ஷட்டர் பெரும்பாலான கேமராக்களில் சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது மணமக்கள் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். தாலி கட்டும் நொடியில் அது விழுந்தால் மறுபடி எடுக்க முடியாது. பனிமலையில் எடுத்த காணொளி இதைச் சொல்லாது. நிறுவனங்கள் நடத்தும் பயிலரங்கிலும் தெரியாது. அங்கே மாடலும் விளக்கும் அரங்கமும் அவர்கள் ஏற்பாடு, அந்த ஒளியில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும்.

நிறுவனத்தோடு உள்ள தொடர்பைச் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்வது சட்டக் கடமை. இந்தியாவில் 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் வந்தன. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை சமூக ஊடகப் பிரபலங்களுக்கென்று தனியாகவும் விளக்கம் கொடுத்தது. பணம் மட்டும் அல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், ஓட்டல் தங்கல் எல்லாமே சொல்லவேண்டிய தொடர்புகள். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக்கூடாது. காணொளி என்றால் எழுத்திலும் குரலிலும் சொல்லவேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. இத்தனை இருந்தும் "நன்றி" என்ற ஒரு சொல்லோடு நிறுவனப் பெயரைப் போட்டு முடித்துக்கொள்ளும் தமிழ்க் காணொளிகளை இன்றும் பார்க்கிறேன். அது கூடாது.

ஆனால் சொன்னதோடு சாய்வு போய்விடாது. டேலியன் கெய்ன், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், டான் மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஜாடியில் உள்ள நாணயங்களின் மதிப்பை ஒருவர் ஊகிக்க, இன்னொருவர் ஆலோசனை சொல்வார். ஊகம் உயர்ந்தால் ஆலோசகருக்கு லாபம். அந்த லாபத்தை வெளிப்படையாகச் சொன்ன ஆலோசகர்கள், சொல்லாதவர்களைவிட அதிகமாகவே மிகைப்படுத்தினார்கள். கேட்டவர்களும் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டேன், இனி உன் பொறுப்பு என்ற நிம்மதி ஆலோசகருக்கு வந்துவிடுகிறது போலும்.

சொந்தப் பணத்தில் வாங்கியவர் மட்டும் நடுநிலையா? அவருக்கும் தன் தேர்வைச் சரி என்று காட்டும் ஆசை உண்டு. காணொளியோடு தரும் கடை இணைப்பு (லிங்க்) வழியாக விற்றால் கமிஷன் பெறுகிறவருக்கு எந்தக் கேமரா விற்றாலும் லாபம், "வாங்காதீர்கள்" என்பதில் மட்டும் லாபம் இல்லை. ஆகவே தூதரின் பேச்சை ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் கேமராவால் என்ன முடியும் என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். வாங்கலாமா என்பதை அவரிடம் கேட்காதீர்கள். எதிர் நிறுவனத்தின் கேமராவோடு ஒப்பிட்டாரா, விலையைப் பேசினாரா, இதனால் முடியாது என்று ஒன்றையாவது சொன்னாரா என்று மட்டும் கவனியுங்கள்.

தூதர்களாக இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நிமிடத்திலேயே, தமிழிலேயே, யார் கொடுத்தார்கள், திருப்பித் தரவேண்டுமா, பேசியதை வெளியிடும் முன் நிறுவனம் பார்த்ததா என்று சொல்லுங்கள். உங்கள் படங்களின் மேல் இளைஞர்களுக்கு இருக்கும் மரியாதை அதனால் குறையாது.

வாங்கப்போகிற தம்பிகள், தங்கைகள் முதலில் போகவேண்டிய இடம் உங்கள் ஊரின் கேமரா வாடகைக் கடை. எந்த கேமரா பாடி (லென்ஸ் இல்லாத பகுதி) அடிக்கடி பழுதாகித் திரும்புகிறது, எந்த லென்ஸின் வளையம் தளர்கிறது என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். பழுது பார்ப்பவரிடம் எந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்கிறது என்று கேளுங்கள். பிறகு அதே கேமராவை ஒரு வரவேற்புக்கு வாடகைக்கு எடுங்கள், இரண்டாவது கேமராவாக. எல்.இ.டி. மேடைக்கு முன்னால் மின்னணு ஷட்டரில் சில படங்கள், மெக்கானிக்கல் ஷட்டரில் சில படங்கள். அடுத்த நாள் காலை அந்த ரா கோப்புகளை உங்கள் சொந்தக் கணினியில் திறந்து பார்த்த பிறகு கடைக்கு முன்பணம் கொடுங்கள்.