இலைக்குள் மறைந்திருக்கும் மஞ்சள்

சனிக்கிழமை ரோஸ் ஹில் சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரைக் கட்டைப் பிரிக்க மறந்து, பையிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் காலை பையைத் திறந்தால் பாதி இலை மஞ்சளாகிவிட்டது. காம்பைத் தொட்டதும் பொலபொலவென்று கொட்டியது.

அந்த மஞ்சள் ஓர் இரவில் புதிதாக வந்ததல்ல. இலை பச்சையாக இருந்தபோதே உள்ளே இருந்தது. பச்சையத்தின் அடர்ந்த நிறம் அதை மூடியிருந்தது. பச்சையம் சிதைந்ததும் கண்ணில் பட்டது. கீரை தின்றால் கண்ணுக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லி ஊட்டினார்களே, அதற்கான விளக்கம் பெரும்பாலும் இந்த மஞ்சளில்தான் இருக்கிறது.

இங்கே மொரீஷியஸில் கீரைக்குக் கிரியோல் மொழியில் ‘பிரெட்’ என்று பெயர். முருங்கைக்கீரை ‘பிரெட் முரூம்’. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம் முருங்கை காதில் விழும். மணத்தக்காளிக் கீரை ‘பிரெட் மார்ட்டேன்’, சேப்பங்கீரை ‘பிரெட் சோங்’. எந்த இனத்தவர் வீடானாலும் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் கீரைச்சாறு வைப்பது இந்தத் தீவின் வழக்கம். நல்ல வழக்கம்.

மஞ்சளுக்கு வருவோம். அது கரோட்டினாய்டு எனப்படும் நிறமிகளின் குடும்பம். உச்சிவெயிலில் இலையின் மேல் விழும் ஒளி, அது உணவாக்கிக்கொள்ளக்கூடிய அளவைவிட அதிகம். மிச்ச ஒளியை அப்படியே விட்டால் ஆக்சிஜன் வெறிகொண்டு இலையின் திசுக்களையே அரித்துவிடும். லூட்டின், ஸியாசாந்தின் என்ற இரண்டு நிறமிகளும் அந்த உபரியை வெப்பமாக மாற்றி வெளியேற்ற உதவுகின்றன. வெயிலில் நின்றே ஆகவேண்டிய செடி தனக்காகச் செய்துகொண்ட காப்பு அது.

இதே இரண்டு நிறமிகளும் நம் கண்ணில் இருக்கின்றன. விழித்திரையின் நடுவில், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் முகம் பார்த்து அடையாளம் காணவும் பயன்படும் சிறிய பகுதிக்கு மஞ்சள் புள்ளி என்றே பெயர். அந்த மஞ்சள் நாம் தின்ற கீரையிலிருந்தும் முட்டைக்கரு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்தும் போனது. உடலால் லூட்டினைத் தானே உண்டாக்க முடியாது. நீல ஒளி பார்வைச் செல்களைத் தாக்குவதற்கு முன்பே அதில் ஒரு பங்கை இந்த நிறமிகள் உறிஞ்சிக்கொள்கின்றன; ஆக்சிஜனால் விளையும் அரிப்பையும் தணிக்கின்றன. ஓயாமல் ஒளி விழும் இடம், கொழுப்பு நிறைந்த செல்கள், ஏராளமான ஆக்சிஜன்: விழித்திரையின் நிலைமை ஏறத்தாழ வெயிலில் நிற்கும் இலையின் நிலைமைதான். ஒரு செடியின் வெயில் காப்பு நம் கண்ணுக்குள் போய் அதே வேலையைப் பார்க்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கீரையில் உள்ள இன்னொரு கரோட்டினாய்டு பீட்டா கரோட்டின். இதைக் குடல் இரண்டாக வெட்டி வைட்டமின் ஏ ஆக்குகிறது. விழித்திரையில் அதன் ஒரு வடிவம் வளைந்த நிலையில் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒளி பட்ட கணத்தில் அந்த வளைவு நிமிர்ந்துவிடும். பார்த்தல் என்ற செயல் தொடங்குவதே அந்த நிமிர்வில்தான். இதைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்ட் 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வைட்டமின் ஏ கையிருப்பு தீரும்போது மங்கிய ஒளியில் வேலை செய்யும் செல்கள்தான் முதலில் தடுமாறும். மாலைக்கண் என்று நாம் சொல்வது அதைத்தான். கவனிக்காமல் விட்டால் கருவிழி உலர்ந்து, குழந்தைகளுக்குப் பார்வையே போகும்.

சமைக்கும் விதம் இங்கே முக்கியம். கரோட்டினாய்டுகள் தண்ணீரில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. எங்கள் மாமியார் சட்டியில் எண்ணெய் ஊற்றி, பூண்டும் வெங்காயமும் இஞ்சியும் தட்டிப்போட்டு, வாசனை எழும்பியதும் உருவிய இலையைக் கொட்டி இரண்டு புரட்டுப் புரட்டிய பிறகுதான் தண்ணீர் விடுவார். சூட்டில் இலையின் செல்சுவர்கள் தளர்ந்து நிறமி வெளியே வருகிறது. எண்ணெய் அதை ஏந்திக் குடலுக்குள் கொண்டுபோகிறது. கொழுப்புக்குப் பயந்து எண்ணெயே இல்லாமல் வெறும் தண்ணீரில் கீரையை வேகவைத்துக் குடிப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். வேறு எதிலும் கொழுப்பில்லாத சாப்பாடு என்றால், கண்ணுக்குப் போகவேண்டியதில் பெரும்பங்கு அவர்களுக்குக் கிடைக்காது. ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்குப் பயப்பட வேண்டாம். முருங்கை இலையைப் பொடியாக்கி வைப்பவர்கள் நிழலில் உலர்த்துங்கள். நேர் வெயில் பீட்டா கரோட்டினை அழித்துவிடும்.

இனி, கீரையால் ஆகாதது. தூரப்பார்வைக் குறையும் கிட்டப்பார்வைக் குறையும் கண்ணின் வடிவத்தால் வருபவை. கீரை தின்று கண்ணாடியைக் கழற்ற முடியாது. முதுமையில் மஞ்சள் புள்ளி சிதையும் நோய் பற்றி அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2013இல் வெளிவந்தது. நாளுக்கு 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஸியாசாந்தினும் மாத்திரையாகத் தந்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது கூடுதல் பலன் தெளிவாக இல்லை. உணவில் இவை மிகக் குறைவாக இருந்தவர்களிடம்தான் பலன் தெரிந்தது. அப்படியானால் கீரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் மாத்திரைக்கு ஓடவேண்டிய அவசரம் இல்லை என்பது என் கருத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மட்டும் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும்.

இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. எங்கள் சின்னம்மாவும் அவர்களில் ஒருவர். வாரத்தில் நான்கு நாள் பிரெட் முரூம், அதனால் கண்ணுக்கு ஒன்றும் வராது என்று நம்பி, விழித்திரைப் பரிசோதனையை மூன்று வருடம் தள்ளிப்போட்டார். சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும்போது வலி இருக்காது, தொடக்கத்தில் மங்கலும் இருக்காது. கதவு நிலை கோணலாகத் தெரிகிறது என்று அவர் சொன்ன அன்று வலக்கண்ணில் கசிவு முற்றியிருந்தது. லேசர் வைத்தார்கள். இடக்கண் தப்பியது. இப்போதும் முற்றத்தில் உட்கார்ந்து கீரை உருவுகிறார். மஞ்சள் இலை எது, பச்சை எது என்று இடக்கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்துப் பிரிக்கிறார். அடுத்த பரிசோதனைத் தேதி குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.